வடசென்னை வியாபாரிகளுக்கு சைபர் பாதுகாப்பு: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம், எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை, மாதவரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், மணலியில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை. இவற்றில் எதுவும் கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை. ஆனால் கணக்கு இருப்பது டேலியில், இ-வே பில் எடுப்பது இணையத்தில், பணம் வருவது யுபிஐயில், சரக்கு விவரம் போவது மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும். அதனால் திருட வருபவர்களும் அந்த வழியாகவே வருகிறார்கள்.

பாதுகாப்பு வேண்டும் என்று விசாரித்தால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஆன்டிவைரஸ் விலைப்பட்டியலும், நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வாலின் கொட்டேஷனும்தான். இரண்டும் தேவையானவைதான். ஆனால் ஒரு சிறு நிறுவனம் அங்கே தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பணம் வெளியே போகும் வழி, கணக்குகளுக்குள் நுழையும் வழி, டேட்டாவின் நகல், இந்த மூன்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும். பெரிய இழப்பு வருவது இங்கேதான், சரிசெய்ய ஆகும் செலவு குறைவாக இருப்பதும் இங்கேதான். மெஷின், நெட்வொர்க் எல்லாம் அப்புறம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

முதல் படி: என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் எழுதினால் போதும். கம்ப்யூட்டர்கள், அலுவலக வேலைக்குப் பயன்படும் போன்கள், வைஃபை ரவுட்டர், சிசிடிவி பெட்டி, வருகைப் பதிவு மெஷின் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மறுபக்கத்தில் கணக்குகள்: மெயில், நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, இ-வே பில், சுங்கத் துறையின் ஐஸ்கேட், வாட்ஸ்அப் பிசினஸ், வெப்சைட்டின் டொமைன் பெயர்.

ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்? ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? பல இடங்களில் இந்தப் பதில்களே சிக்கலைக் காட்டிவிடும். வேலையை விட்டுப் போனவரின் நம்பருக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும். டொமைன் பெயர் வெப்சைட் செய்து கொடுத்தவரின் பெயரில் இருக்கும். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பின் நம்பர் எழுதிய சீட்டோடு, வேறொருவரின் மேஜை டிராயரில் கிடக்கும். மற்ற எதையும் செய்வதற்கு முன் இவற்றை உங்கள் பெயருக்கும் உங்கள் நம்பருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். டோக்கன் உங்கள் கையெழுத்துக்குச் சமம். தாக்கல் செய்யும் நேரத்துக்கு மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: பணம் வெளியே போகும் வழி

ஏற்றுமதி, இறக்குமதி, ஃபார்வர்டிங் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தாலும் தவறில்லை. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் சிறு அலுவலகங்கள், நேரில் பார்த்தே இராத சப்ளையருக்கு மெயிலை நம்பி லட்சக்கணக்கில் அனுப்புகின்றன. மோசடி நடக்கும் விதம் இதுதான். வாங்குபவர், விற்பவர் இருவரில் ஒருவரின் மெயில் கடவுச்சொல் திருடுபோகிறது. உள்ளே நுழைந்தவர் உடனே எதுவும் செய்ய மாட்டார். பழைய இன்வாய்ஸ்களைப் படிப்பார். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்தத் தேதியில் பணம் போகும் என்று கவனிப்பார். சில கடிதங்கள் மட்டும் தானாக வேறு முகவரிக்குப் போகும்படியோ, உரியவர் கண்ணில் படாமல் ஒதுங்கும்படியோ மெயிலில் ஒரு விதியைப் போட்டு வைப்பார். பெரிய தொகை போக வேண்டிய நாளில், "எங்கள் வங்கியில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒரு கடிதம் வரும். லோகோ, இன்வாய்ஸ் எண், தொகை எல்லாம் சரியாக இருக்கும். கணக்கு எண் மட்டும் வேறு.

சில சமயம் அனுப்பிய முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நிற்கும். அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் முகவரியும் உண்மையானதாகவே இருக்கும், ஏனென்றால் அந்த மெயில் பெட்டியே திருடர் கையில்தான் இருக்கிறது. அதனால் மென்பொருளை மட்டும் நம்பி இதைத் தடுக்க முடியாது. அலுவலகத்தில் ஒரு விதி வேண்டும்: வங்கிக் கணக்கு மாறியதாக எந்த வழியில் செய்தி வந்தாலும், நமக்கு முன்பே தெரிந்த நம்பருக்கு நாமே போன் செய்து கேட்ட பிறகுதான் பணம் போகும். வந்த கடிதத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்வதில் பயன் இல்லை, எடுப்பவர் அதே திருடராக இருப்பார். "அண்ணே, பேங்க் மாத்திட்டதா மெயில் வந்திருக்கு, நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இந்த விதி முதலாளிக்கும் பொருந்த வேண்டும். முதலாளியின் போட்டோவை வைத்த வாட்ஸ்அப் நம்பரிலிருந்து "அவசரம், உடனே போடு" என்று வந்தால், கணக்குப் பார்ப்பவர் தயங்காமல் முதலாளிக்கே போன் செய்து கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உள்நாட்டுப் பரிமாற்றத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போது பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பணம் போட வேண்டிய கம்பெனி ஒன்று, திரையில் தெரியும் பெயர் வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நிறுவனங்களுக்கான நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையும் உண்டு. இரண்டு பேர் இருக்கும் அலுவலகத்திலும் அதை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி வெப்சைட்டுக்குப் போகும்போது முகவரியின் முடிவைப் பாருங்கள். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி வரும். பணம் கட்டியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவார்கள். கடை திறந்ததும் உங்கள் போனிலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் பெட்டி சொன்னாலோ, உங்கள் ஆப்பில் வரவு தெரிந்தாலோ மட்டுமே பொருளைக் கொடுங்கள். பண்டிகைக் கூட்டத்தில் எம்.சி. ரோட்டில் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான். ஆனாலும் அந்த நேரத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை என்பதைக் கல்லாவில் உட்காரும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாம் படி: கணக்குகளுக்கு இரட்டைத் தாழ்

முதலில் மெயில். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றும் லிங்க் மெயிலுக்குத்தான் வரும் என்பதால், மெயில் போனால் எல்லாம் போகும். அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் முறையை, இன்றே போடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியை விட, கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற ஆப்பில் வரும் எண் மேலானது. உங்கள் நம்பருக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவருக்குப் போய்விடும், ஆப்பில் அந்த ஆபத்து இல்லை. கடவுச்சொல்லுக்குப் பதில் போனின் பூட்டைத் திறப்பது போலவே உள்ளே நுழைய விடும் பாஸ்கீ வசதி இருக்கும் இடத்தில் அது இன்னும் நல்லது, ஏனென்றால் போலி வெப்சைட்டில் அது வேலையே செய்யாது. அப்படியே மெயில் அமைப்புகளுக்குள் போய், நீங்கள் போடாத ஃபார்வர்டிங் விதி ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் போடும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, எந்தெந்தச் சாதனங்களில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

இ-வே பில் தளத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம். அதைச் சமாளிக்க முதலாளி கடைக்கும் குடோனுக்கும் லாரி டிரைவருக்கும் போனில் ஓடிபி சொல்லிக்கொண்டிருப்பது வேண்டாம். அந்தத் தளத்திலேயே ஒவ்வொரு ஊழியருக்கும் தனித் துணைப் பயனர் கணக்கு உருவாக்கலாம். ஒருவர் வேலையை விட்டால் அவர் கணக்கை மட்டும் முடக்கினால் போதும், தவறு நடந்தால் யார் பில் போட்டார் என்பதும் தெரியும். ஒரே கடவுச்சொல்லை எட்டுப் பேர் பயன்படுத்தும் வழக்கம் நம் பக்கத்து வியாபாரத்தில் ஊறிப்போன ஒன்று. அதை விட்டொழிப்பதுதான் இந்தப் படியின் பாதி வேலை.

கடவுச்சொற்களை நினைவில் வைக்க முடியாது என்பது உண்மை. அதற்குத்தான் எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற ஆப் இருக்கிறது. கடைப் பெயரும் ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடுவதை விட அது ஆயிரம் மடங்கு நல்லது.

நான்காம் படி: டேட்டாவின் நகல்

ரான்சம்வேர் என்பது உங்கள் ஃபைல்களை எல்லாம் குறியாக்கிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் மென்பொருள். டேலி டேட்டா, பில்கள், ஷிப்பிங் டாக்குமென்ட், ஸ்டாக் எல்லாம் ஒரே இரவில் படிக்க முடியாமல் போகும். பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அப்போது கைகொடுப்பது சுத்தமான நகல் மட்டுமே.

உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு 3-2-1: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். வடசென்னைக்காரர்களுக்கு அந்தக் கடைசி ஒன்று ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 2015 மழையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தரைத்தளக் கடையில் கம்ப்யூட்டரும் அதன் பேக்கப் ஹார்டுடிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். ஹேக்கரும் வேண்டாம், வைரஸும் வேண்டாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். இரண்டு வெளி ஹார்டுடிஸ்க் வாங்குங்கள். தினமும் கடை அடைக்கும் முன் ஒன்றில் டேலி டேட்டாவையும் முக்கிய ஃபோல்டர்களையும் பேக்கப் எடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இது மிக முக்கியம், ஏனென்றால் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் விட்டுவைக்காது. இன்னொரு டிஸ்க் வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். வீடும் கடையும் ஒரே தாழ்வான பகுதியில் இருந்தால் வேறு ஏரியாவில் இருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். டிஸ்க் தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாதபடி அதற்குக் கடவுச்சொல் பூட்டுப் போட்டுவிடுங்கள். அப்புறம் கிளவுடில் ஒரு பிரதி. கூகுள் ட்ரைவ், ஒன்ட்ரைவ் போன்றவை கம்ப்யூட்டரில் நடக்கும் மாற்றத்தை அப்படியே மேலே அனுப்புபவை. கெட்டுப்போன ஃபைலும் அப்படியே மேலே போகும். பழைய பதிப்புகளைச் சில வாரங்களுக்காவது வைத்திருக்கும் வசதி உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய பில் ஒன்றைத் தேடி எடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஐந்தாம் படி: கம்ப்யூட்டரும் போனும்

2017 மே மாதத்தில் வான்னக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போடாமல் தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதை விட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் ஓடும் பில்லிங் மெஷினை மாற்றத் திட்டமிடுங்கள், அதுவரை அந்த மெஷினில் மெயிலும் நெட் பேங்கிங்கும் வேண்டாம்.

காசு மிச்சம் என்று போடப்படும் திருட்டு விண்டோஸும் கிராக் செய்த டிசைன் மென்பொருளும் வைரஸ் உள்ளே வரும் முக்கிய வழிகள். கிராக் போடுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள் பாருங்கள், அந்த நிமிடத்தில் கதவு திறந்துவிடுகிறது. ஒரிஜினல் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர், அப்டேட்டாக இருந்தால், சின்னக் கடைக்குப் போதுமானது. பத்துப் பதினைந்து மெஷினுக்கு மேல் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் இடிஆர் வகைப் பாதுகாப்பு வாங்கலாம். அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்கைக் கொடுங்கள். லேப்டாப்பில் டிஸ்க்கையே பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

போனைப் பற்றி லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "உங்கள் வண்டிக்கு அபராதம் போடப்பட்டுள்ளது" என்று வாட்ஸ்அப்பில் செல்லான் போல ஒரு ஏபிகே ஃபைல் வருகிறது. திறந்தால் ஆப் இன்ஸ்டால் ஆகி, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்டு, வங்கி ஓடிபியை எடுத்துக்கொள்கிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் இதே வருகிறது. அரசு செல்லானை ஏபிகே ஃபைலாக அனுப்புவதில்லை. அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: நெட்வொர்க்

வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும், ஆடிட்டர் அவர் இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பதற்காக அலுவலகக் கம்ப்யூட்டரின் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. அது பயன்படுத்தும் இணைய வாசலின் (போர்ட்) எண் 3389. உலகெங்கும் ரான்சம்வேர் கும்பல்கள் தானியங்கி நிரல்கள் வைத்துத் தேடுவது இப்படித் திறந்து கிடக்கும் மெஷின்களைத்தான். உங்கள் சிஸ்டம் சர்வீஸ் செய்பவரிடம் இதை மூடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை வழியாக, இரண்டடுக்குச் சரிபார்ப்போடு வரட்டும். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்றவற்றை எப்போதும் திறந்து வைக்க வேண்டாம், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். சிசிடிவி பெட்டியின் கடவுச்சொல்லையும்தான். 2016-இல் மிராய் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்), தயாரித்த கம்பெனி போட்ட கடவுச்சொல்லையே வைத்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. வாடிக்கையாளர்களுக்கும் ஊழியர்களின் சொந்த போன்களுக்கும் தனி கெஸ்ட் வைஃபை கொடுங்கள். கேமராக்கள் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம்.

பிரித்து வைப்பது ஏன் முக்கியம் என்பதற்குத் துறைமுகத் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்ற மால்வேர், உக்ரைனில் பயன்படும் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக உள்ளே வந்து, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் நெட்வொர்க் முழுக்கப் பரவியது. அவர்களுடைய குழுமம் நடத்தும் டெர்மினல் ஒன்று மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்திலும் இருந்ததால் அங்கேயும் வேலை பாதிக்கப்பட்டது. மேர்ஸ்க் சொன்ன இழப்பு 20 கோடி முதல் 30 கோடி டாலர். ஒரு மெஷினில் நுழைந்தது மற்ற மெஷின்களுக்குத் தடையில்லாமல் போக முடிந்ததுதான் அத்தனை பெரிய சேதத்துக்குக் காரணம். பத்து மெஷின் இருக்கும் அலுவலகம் என்றால், இந்தப் பிரிவினையைச் செய்து தரும் ஃபயர்வாலுக்குச் செலவழிக்க இதுதான் சரியான கட்டம்.

ஏழாம் படி: மெயில் டொமைனும் வெப்சைட்டும்

சொந்த டொமைனில் மெயில் வைத்திருந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் போடச் சொல்லுங்கள். உங்கள் டொமைன் பெயரைப் போட்டு வேறொருவர் கடிதம் அனுப்புவதை இவை கட்டுப்படுத்தும். ஒருமுறை செய்யும் வேலை. வெப்சைட்டில் விற்பனை இருந்தால், கார்டு விவரம் உங்கள் தளத்தில் தங்காமல் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்திலேயே முடியட்டும். கிளவுடில் வைத்த ஃபைல்களில் "லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம்" என்று விட்டுவைத்தவற்றை மூடுங்கள், குறிப்பாக வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்களை.

எட்டாம் படி: ஆட்கள்

இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தவறாக லிங்கைத் தொட்ட ஊழியரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அவர் மறைப்பார், மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் பணம் இன்னும் தூரம் போகும். உடனே வந்து சொன்னவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். பயிற்சியைத் தமிழில், உங்கள் கடைக்கு வந்த உண்மையான மோசடிச் செய்திகளைக் காட்டியே நடத்துங்கள். மாதம் ஒருமுறை, டீ நேரத்தில் பதினைந்து நிமிடம் போதும். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே சொல்லுங்கள், ஏனென்றால் எது முதலாளியின் குரல் என்று இன்னும் பழகாதவரைத்தான் ஏமாற்றுவது சுலபம்.

ஒன்பதாம் படி: நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதல் போன் 1930. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க முயல்வார்கள், அதனால் நிமிடங்கள் முக்கியம். அதே நேரத்தில் இன்னொருவர் உங்கள் வங்கிக்குப் பேசட்டும். பரிமாற்ற எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகார் பதிவு செய்து அதன் எண்ணைக் குறித்துவையுங்கள். வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு, அதைத் திருப்பிக் கேட்கும் ரீகால் கோரிக்கை அனுப்பும்படி உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ரான்சம்வேர் என்றால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், ஆதாரம் போய்விடும். திரையைப் போனில் படம் எடுங்கள். யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை முதலானோர் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். மெஷினைச் சுத்தம் செய்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிய பிறகே பேக்கப் டிஸ்க்கை மாட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்பே மாட்டினால் நல்ல நகலும் போய்விடும்.

சட்டத்தின் பக்கம் இரண்டு விஷயங்கள். இந்தியக் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, அதில் பட்டியலிட்ட சைபர் சம்பவங்களைத் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் தகவலை வைத்திருப்பவர்களுக்கு 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. தேவையில்லாத ஆதார் நகல்களையும் பழைய வாடிக்கையாளர் பட்டியல்களையும் இப்போதே அழிக்கத் தொடங்குவது நல்லது.

சைபர் இன்சூரன்ஸ் எடுப்பதாக இருந்தால் கடைசியாக எடுங்கள். விண்ணப்பத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறதா, பேக்கப் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். இல்லாததை இருக்கிறது என்று எழுதிவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் அதுவே மறுப்புக்குக் காரணமாகும். ஊழியர் ஏமாந்து தாமே அனுப்பிய பணத்துக்கு இழப்பீடு உண்டா என்பதையும் பாலிசியில் எழுத்தாகப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.